‘தி வுமன் கிங்’ படத்துக்கு இரண்டாம் பாகம் வருமா? வந்தால் எந்தக் கதையை எடுக்க வேண்டும்?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். இதை எழுதும் நாள்வரை தயாரிப்பு நிறுவனம் எதையும் அறிவிக்கவில்லை. யூடியூபில் ‘பார்ட் 2 டிரெய்லர்’ என்று எதையாவது பார்த்துவிட்டுக் கேட்டிருந்தீர்கள் என்றால், அது யாரோ வெட்டி ஒட்டியது. படம் வந்தது 2022 செப்டம்பரில். செலவு ஏறக்குறைய 5 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் 10 கோடியைத் தொடவில்லை. தியேட்டர்காரர்கள் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் போனால் கையில் பெரிதாக ஒன்றும் நின்றிருக்காது. ஆஸ்கரில் ஒரு பிரிவில்கூடப் பரிந்துரை இல்லை. இயக்குநர் ஜீனா பிரின்ஸ்-பைத்வுட் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். இதில் நடித்த துசோ ம்பேடுவையும் வயோலா டேவிஸையும் கையோடு கூட்டிக்கொண்டும் போயிருக்கிறார். அதனால் இப்போதைக்குக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் நிறைய இருக்கிறது.

அதற்கு முன் எனக்கும் படத்தின் கதை நடக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். நான் பண்ருட்டிக்காரன், முந்திரித் தொழில். நம் பக்கத்து ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாது; மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். வாங்கும் இடத்திலேயே நின்று, மூட்டைக்குள் கைவிட்டு எடுத்த கொட்டையை வெட்டிப் பார்த்துத் தரம் சொல்கிற வேலைக்காகப் பெனின் நாட்டுக்குச் சில சீசன் போயிருக்கிறேன். படத்தில் வரும் டஹோமி ராஜ்ஜியம் இன்றைய பெனினின் தென்பகுதிதான். 1975 வரை அந்த நாட்டின் பெயரே டஹோமி.

2019-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி வராமல் வேலை நின்றது. பழைய தலைநகரான அபோமேக்குப் போய் வந்தேன். செம்மண் சுவர் அரண்மனைகள். 1985-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. சுவரில் பதித்த மண் சிற்பங்களில், படத்தில் வரும் பெண் படையினர் இருக்கிறார்கள். உள்ளே ஒரு சிம்மாசனம் இருந்தது. அதன் நான்கு கால்களுக்கும் அடியில் நான்கு மண்டையோடுகள். எதிரிகளுடையவை. வழிகாட்டி அதைக் காட்டி, “கெசோ ராஜாவுடையது” என்றார். படத்தில் ஜான் போயேகா நடித்தாரே, அதே கெசோ.

மூன்று வருஷம் கழித்துப் படம் பார்த்தபோது என்னால் அந்த நான்கு கால்களை மறக்க முடியவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. 1823. டஹோமி ராஜாவிடம் அகோஜி என்ற பெண் படை இருக்கிறது. தளபதி நானிஸ்கா, அதாவது வயோலா டேவிஸ். கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளாத நாவி என்ற பெண்ணை அப்பன் அரண்மனை வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறான். அவளுக்குப் பயிற்சி நடக்கிறது. பக்கத்து ஓயோ பேரரசுக்கு டஹோமி கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறது. ஓயோக்காரர்களும் கடற்கரையில் இருக்கும் அடிமை வியாபாரிகளும் ஒரு கை. ‘அடிமை வியாபாரத்தை விட்டுவிடுவோம், பனை எண்ணெய் விற்போம்’ என்று நானிஸ்கா ராஜாவிடம் சொல்கிறாள். கடைசியில் ஓயோ தோற்கிறது, ராஜா மனம் மாறுகிறார், நாவி நானிஸ்காவின் தொலைந்துபோன மகள் என்றும் தெரிகிறது.

சண்டைக் காட்சிகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நடிகை லஷானா லிஞ்ச் விரல் நகத்தைக் கூராக்கி வைத்துக்கொண்டு திரிவதை இன்னொரு முறைகூடப் பார்க்கலாம். பெண் படை என்பதும் கட்டுக்கதை இல்லை. யானை வேட்டைக்காரிகளாகவோ அரண்மனைக் காவலாகவோ தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரக்கணக்கில் பெருகிய நிரந்தரப் படை அது. துப்பாக்கிக்காரிகள் தனி, வில்லேந்திகள் தனி, ஆள் கைநீளத்துக்கு மடக்குக் கத்தி வைத்திருந்தவர்கள் தனி. சட்டப்படி எல்லாரும் ராஜாவின் மனைவிகள், வேறு யாரும் தொடக் கூடாது. ஜனங்கள் அவர்களை ‘மினோ’ என்றார்கள், ‘எங்கள் அம்மாக்கள்’ என்று அர்த்தம். பயிற்சியில் முள்வேலி மேல் வெறுங்காலோடு ஏறி இறங்கியதும் நிஜம்தான். பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது. 1823 வாக்கில் கெசோ ஓயோவுக்குக் கப்பத்தை நிறுத்தியது உண்மை. ஆனால் மனம் மாறினார் பாருங்கள், அது நடக்கவில்லை. 1818-இல் அண்ணனை இறக்கிவிட்டு அவர் ஆட்சிக்கு வந்ததே பிரான்சிஸ்கோ ஃபெலிக்ஸ் டி சோசா என்ற பிரேசில் அடிமை வியாபாரியின் தயவில். வந்ததும் அந்த ஆளுக்கு உய்தா துறைமுகத்தில் பெரிய பதவி கொடுத்தார். பிரிட்டிஷ்காரர்கள் வருஷக்கணக்காக வந்து பேசினார்கள். கடைசியில் கப்பலை நிறுத்திக் கடற்கரையை அடைத்த பிறகுதான் 1852-இல் கையெழுத்துப் போட்டார். சில வருஷத்திலேயே பழையபடி ஆரம்பித்துவிட்டார். பனை எண்ணெய் வியாபாரமும் வந்தது, ஆனால் அடிமை வியாபாரத்துக்குப் பதிலாக இல்லை, அதோடு சேர்ந்து. பனந்தோப்பில் வேலை செய்ததும் பிடித்து வந்த அடிமைகள்தான். அவர்களைப் பிடித்து வந்தது யார்? அந்தப் படைதான், பெண்களும் சேர்த்து.

இதைத் தெரிந்துகொண்டுதான் அமெரிக்கக் கறுப்பின மக்களிலேயே ஒரு பகுதியினர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் படத்தை ஒரேயடியாகத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. முதல் பாகத்தில் சொன்ன பொய்யை இரண்டாம் பாகம் திருத்தலாம், அதற்கு வரலாற்றில் இடம் இருக்கிறது என்பதுதான் என் பதில்.

பெரும்பாலானவர்கள் இரண்டாம் பாகம் என்றதும் பிரெஞ்சுப் போரைத்தான் சொல்வார்கள். 1890-இல் ஒரு சுற்று, 1892-இல் பெரிய சுற்று. ராஜா பெஹான்சின். ஜெர்மன்காரர்களிடம் வாங்கிய வின்செஸ்டர் துப்பாக்கிகளும் க்ருப் பீரங்கிகளும் அவரிடம் இருந்தன. பிரெஞ்சுக்காரர்களிடம் லெபெல் துப்பாக்கி, அதன் முனையில் நீளக் கத்தி. அரிவாள் வீச்சுக்கு எட்டும் முன்பே அந்தக் கத்தி வந்து பாய்ந்துவிடும். 1892 அக்டோபரில் அதெகோன் என்ற இடத்தில் நடந்த சண்டைக்குப் போன 434 பெண்களில் 17 பேர்தான் திரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நவம்பரில், எதிரி கையில் கிடைக்கக் கூடாதென்று பெஹான்சினே அபோமேக்குத் தீ வைத்துவிட்டுக் காட்டுக்குள் போனார். 1894-இல் சரணடைந்து மார்த்தினிக் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1906-இல் அல்ஜீரியாவில் செத்தார்.

சினிமாவுக்கு என்ன குறை? எல்லாம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். வெள்ளைக்காரன் பீரங்கியோடு வருவான், நம்மாட்கள் வாளோடு ஓடிச் சாவார்கள், பின்னணியில் ஒரு பெண் குரல் ஓலம் பாடும். கண்ணீர் விட்டுவிட்டு வெளியே வருவோம், கெசோவின் மண்டையோட்டு நாற்காலி நிரந்தரமாக மறந்துபோகும். அந்தப் பிரெஞ்சுப் படையின் தளபதி டாட்ஸ் செனகலில் பிறந்த கலப்பினத்தவர், அவர் சிப்பாய்களில் நிறையப் பேர் ஆப்பிரிக்கர்கள் போன்ற சங்கடங்களை எல்லாம் திரைக்கதையில் முதலிலேயே துடைத்துவிடுவார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரெஞ்சுப் போரை எடுத்தால் நாயகிகளுக்கு வைக்கப் பெயரே மிச்சமில்லை. நிஜ நானிஸ்கா 1823-இல் பிறக்கவே இல்லை. 1889-இல் அபோமே போன ஒரு பிரெஞ்சு அதிகாரி, பதின்ம வயதுப் பெண் ஒருத்தி ஒரு கைதியின் தலையை வெட்டி முதல் கொலையை முடித்ததைப் பார்த்து எழுதினார். அவள்தான் நானிஸ்கா. மறு வருஷம் கோட்டோனு சண்டையில் செத்துக் கிடந்தவளை அதே ஆள் அடையாளம் கண்டார். நாவி என்பதும் நிஜப் பெயர்தான். 1892 போரில் சண்டை போட்டேன் என்று சொன்ன ஒரு கிழவி. கின்டா என்ற கிராமத்தில், நூறு வயதைத் தாண்டி, 1979-இல் இறந்தார். கடைசி அத்தியாயத்துப் பெயர்களை எடுத்து முதல் அத்தியாயத்தில் செலவு செய்துவிட்டார்கள்!

சரி, நான் எதை எடுக்கச் சொல்கிறேன்? 1850, 1851. இரண்டே வருஷம்.

1850-இல் ஃபிரடெரிக் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி அபோமேக்கு வருகிறார். ‘அடிமை வியாபாரத்தை விடுங்கள்’ என்று கெசோவிடம் கேட்கத்தான் வருகிறார், ராஜா மசியவில்லை. ஆனால் அந்தப் பயணத்திலிருந்து இரண்டு பெண்கள் நமக்குக் கிடைக்கிறார்கள். ஒருத்தி படையில் இருந்தவள், சே-டோங்-ஹோங்-பே. ஃபோர்ப்ஸ் புத்தகத்தில் அவள் படம் இருக்கிறது: ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கையில் வெட்டிய தலை. மறு வருஷப் படையெடுப்பில் பெண்களை நடத்திப் போனவள் இவள்தான் என்று சொல்கிறார்கள்.

இன்னொருத்திக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஐனா என்று பெயர். 1848-இல் டஹோமிப் படை ஓகேயாடன் என்ற ஊரை அடித்தபோது பெற்றவர்களைக் கொன்றுவிட்டு இவளைப் பிடித்து வந்தார்கள். இரண்டு வருஷம் ராஜாவின் பிடியில் இருந்தாள். ஃபோர்ப்ஸ் கிளம்பும்போது கெசோ துணி, மதுக் குப்பி மாதிரியான பரிசுகளோடு இந்தக் குழந்தையையும் சேர்த்து விக்டோரியா மகாராணிக்கு அனுப்பினார். வேண்டாம் என்று சொன்னால் பலி கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து ஃபோர்ப்ஸ் வாங்கிக்கொண்டார். தன் பெயரையும் தன் கப்பலின் பெயரையும் சேர்த்து வைத்தார்: சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டா. மகாராணி அவளைப் படிக்க வைத்தார்.

ஒரே அரண்மனை, ஒரே வருஷம். தலை வெட்டியவளை ஓவியமாகவும், தப்பிப் பிழைத்தவளைக் கையைப் பிடித்தும் ஒரே ஆள் வெளியே கொண்டு வருகிறார். திரைக்கதை எழுதுகிறவருக்கு வரலாறு இதற்கு மேல் என்ன கொடுக்க முடியும்?

முதல் படத்து நாவிக்கு 1823-இல் பத்தொன்பது வயது. 1850-இல் நாற்பத்தாறு, நானிஸ்கா இருந்த இடத்தில் இப்போது இவள் இருப்பாள். பனை எண்ணெய், புது உலகம் என்று அம்மா சொன்னதை எல்லாம் நம்பி வளர்ந்தவள். ஓகேயாடன் சூறையை நடத்தியது இவள் என்று வையுங்கள். ஐனாவைத் தூக்கி வந்தது இவள் கை என்று வையுங்கள். இரண்டு வருஷம் அந்தக் குழந்தை இவள் கண் முன்னால் வளர்கிறது. (இது என் கற்பனை. ஆனால் நானிஸ்காவின் மகள் என்பதைவிட இது உண்மைக்குப் பக்கம்.) இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே வேண்டாம். குழந்தை இவளைப் பார்க்கிற பார்வை போதும்.

அப்புறம் 1851 மார்ச், அபேயோகுட்டா. இந்த ஊரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்றைய நைஜீரியாவில், ஓலுமோ என்ற பெரிய பாறையின் அடியில் இருக்கிறது. ஊர்ப் பெயருக்கே ‘பாறைக்கு அடியில்’ என்றுதான் அர்த்தம். ஆள்பிடிக்கும் சண்டைகளில் ஊர் ஊராக எரிந்தபோது தப்பி ஓடிவந்த எக்பா மக்கள் 1830 வாக்கில் கூடிக் கட்டிக்கொண்ட ஊர் அது. சுற்றி மண் சுவர், வெளியே அகழி. சாமுவேல் அஜாயி க்ரவுத்தர் என்று ஒருவர் 1846-இல் மத ஊழியராக அங்கே வந்தார். 1821-இல் சிறுவனாகப் பிடிபட்டு, அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டு, பிரிட்டிஷ் கடற்படை மீட்டவர். வந்த இடத்தில் சொந்த அம்மாவைக் கண்டுபிடித்தார், இருபத்தைந்து வருஷம் கழித்து! முதல் படத்தில் தாயும் மகளும் சேருகிற காட்சிக்கு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காட்சி கற்பனை. நிஜத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்தது சுவருக்கு அந்தப் பக்கம், டஹோமி அடிக்கப் போன ஊரில்.

அந்தச் சுவரை நோக்கித்தான் நம் நாயகிகள் ஓட வேண்டும். வழியில் இஷாகா என்ற ஊர்க்காரர்கள் கெசோவுக்கு நண்பர்கள் மாதிரி நடித்து, ‘பட்டப்பகலில் போங்கள், இந்தப் பக்கம் சுவர் மோசம்’ என்று தப்பு வழி காட்டினார்கள். எக்பாக்களுக்கோ முன்பே செய்தி போய்விட்டது, பிரிட்டிஷ் வெடிமருந்தும் கையில் இருந்தது. உச்சி வெயிலில் டஹோமிப் படை அகழியில் இறங்கிச் சுவரில் ஏறியது. முதலில் விழுந்தவர்களைப் புரட்டிப் பார்த்த பிறகுதான், எதிரில் வருவது பெண்கள் என்றே எக்பாக்களுக்குத் தெரிந்ததாம். டஹோமி பயங்கரமாகத் தோற்றது. 1864-இல் கெசோவின் மகன் கிளேலே மறுபடியும் போய் அதே சுவரில் மோதி மறுபடியும் தோற்றார். இஷாகாக்காரர்கள் செய்ததை மறக்காமல், அதற்கு இரண்டு வருஷம் முன்பே அந்த ஊரை அழித்திருந்தார்.

வீரத்துக்குக் குறைவே இல்லாத சண்டை. ஆனால் யார் ஜெயிக்க வேண்டும் என்று தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் குழப்பம் வரும். நாவி சுவர் மேல் ஏறி நிற்கிறாள், அந்தப் பக்கம் அடிமைச் சங்கிலியிலிருந்து தப்பி வந்தவர்களின் ஊர் தெரிகிறது. அவள் கையில் கத்தி இருக்கிறது. அந்த இடத்தில் அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் நான் பார்க்க விரும்பும் இரண்டாம் பாகம்.

1860-ஐ எடுக்கலாமே என்றும் கேட்பவர்கள் உண்டு. டஹோமிப் படை பிடித்துக் கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு அலபாமா போன க்ளோடில்டாதான், தெரிந்தவரை அமெரிக்காவுக்குப் போன கடைசி அடிமைக் கப்பல். அதில் போன குட்ஜோ லூயிஸ் தன் ஊர் சூறையாடப்பட்ட விடியற்காலையைக் கிழவனான பிறகு சொல்லிப் பதிவாகியிருக்கிறது. அற்புதமான கதை. ஆனால் அது அவருடைய படமாக இருக்க வேண்டும். அகோஜிகளுடைய இரண்டாம் பாகமாக எடுத்தால் அவரை ஓரத்தில் தள்ளிவிடுவார்கள்.

பிரெஞ்சுப் போரே வேண்டாமா என்றால், கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வரட்டும். ஆனால் போர்க்களத்தில் வேண்டாம். டஹோமி விழுந்த மறு வருஷம், 1893-இல், சிகாகோ உலகக் கண்காட்சியில் ‘டஹோமி கிராமம்’ என்று குடிசை போட்டு டிக்கெட் விற்றார்கள். பாரிஸிலும் அதற்கு முன்பே ‘அமேசான்கள்’ என்று ஒரு குழுவை ஆடவிட்டார்கள். ஆடியவர்கள் பெரும்பாலும் அந்தப் படையில் இருந்தவர்களே இல்லை. அந்தக் குடிசை வாசலில் படம் முடியலாம்.

கடைசியாக ஒன்று. 2022 ஜூலையில் கோட்டோனு நகரில் முப்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு அகோஜி சிலை திறந்தார்கள். மறு வருஷ சீசனுக்குப் போனபோது பார்க்க ஆசைப்பட்டு, எங்கள் வண்டி ஓட்டுநரோடு போனேன். நான் இறங்கி ஆசைதீரப் படம் எடுத்தேன். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. வாருங்கள், உங்களையும் சேர்த்து ஒன்று எடுக்கிறேன் என்று கூப்பிட்டதற்கு, பரவாயில்லை பத்ரோன் (முதலாளி), நான் கேத்துக்காரன் என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. கேத்து கிழக்கே எல்லைப் பக்கம் இருக்கும், யோருபா இன மக்களின் பழைய ஊர். 1886-இல் டஹோமிப் படை அதை எரித்துவிட்டு, மிஞ்சியவர்களை அபோமேக்கு இழுத்துப் போனது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும் வழியில் என் ஓட்டைப் பிரெஞ்சில் படத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எங்கள் ஊர் அதில் வருகிறதா?”

இல்லை, கதை 1823-இலேயே முடிந்துவிடுகிறது என்றேன்.

“அப்போ அடுத்ததில் வர வேண்டும்” என்றார், சிக்னல் விழுந்ததும் வண்டியை எடுத்தார்.